அண்ணியின் சமையலறைக்கு வெள்ளையடித்தோம்

அண்ணன் வீட்டுச் சமையலறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஜன்னல் இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கும். அந்தச் சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. மேல்மாடியில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்று அண்ணன் வீட்டில் இருந்தே சொல்லிவிடலாம். வெளிச்சம் மட்டும் வராது. உள்ளே எப்போதோ அடித்த பச்சைப் பெயிண்ட், புகை ஏறி ஏறிப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. மேடை கறுப்புக் கல். நடுவில் ஒயரில் தொங்கும் ஒரே ஒரு பல்பு.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். டார்ச்சும் கையுமாகக் கட்டடங்களின் குழிகளில் இறங்கி ஏறியே முடி நரைத்தவர். "லிஃப்ட் குழியப் பாத்தவனுக்கு இதெல்லாம் ஸ்டேடியம்" என்பார்.

எனக்குத்தான் பொறுக்காது. நான் வெளிநாடு போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது, அண்ணி போனை ஏதாவது டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். திரையில் ஒரு மஞ்சள் மங்கலும் அதில் போய்வரும் ஒரு முழங்கையும்தான் தெரியும்.

"என்ன அண்ணி, குகைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"ஆமாம்மா. இந்த இருட்டுல எதுதான் தெரியுது?"

அந்தப் பதிலை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்று பிற்பாடு புரிந்தது. அண்ணிக்கு அந்த இருட்டு ஒரு குறையே இல்லை. இரண்டு வருடமாக அவருடைய பார்வை ஓரங்களில் இருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தட்டு உடைந்தால், சோற்றில் கல் இருந்தால், பழியைப் போட ஓர் இருட்டுச் சமையலறை அவருக்குத் தேவைப்பட்டது.

அண்ணியின் அப்பாவுக்குக் கடைசிப் பத்து வருடம் பார்வை கிடையாது. கூடத்து மூலையில் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். தட்டைக் கையில் கொடுப்பார்கள், வாங்குவார்கள். வந்தவர்கள் அவரைப் பற்றி அவர் எதிரிலேயே, "சாப்பிட்டாரா?" என்று மற்றவர்களிடம் கேட்பார்கள். அதையெல்லாம் கூட இருந்து பார்த்த மகள் அண்ணி. தன் கண் விஷயம் வெளியே தெரிந்தால் தனக்கும் ஒரு நாற்காலி வரும், கத்தியும் கரண்டியும் கையை விட்டுப் போகும் என்ற பயம் அவருக்கு. அந்த ஒரு பயத்தை வைத்துத்தான் அவர் இரண்டு வருடம் ஓட்டினார்.

கண்ணால் சம்பாதித்தவர் அண்ணி. இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை. ஓட்டல்களில் இருந்தும் ஆஸ்பத்திரிகளில் இருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் இடம். அதில் கறை பார்க்கும் மேஜை அண்ணியுடையது. சாய்த்துப் போட்ட கண்ணாடி, அதற்கு அடியில் டியூப் லைட். விரிப்பை அதன்மேல் இழுத்தால் கறை நிழலாக எழும்பும். நீலச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மூன்று கூடைகளில் ஒன்றில் எறிய வேண்டும்: மறுபடி துவைக்க, ஒட்டுப் போட, கிழித்துத் துடைக்கும் துணியாக்க. ஒரு விரிப்புக்கு ஆறு நொடி. காப்பியா, துருவா, ரத்தமா என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். அங்கே அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர். "சட்டையில துளி குழம்பு பட்டாலும் வீட்டுக்கு வர முடியாது, வாசல்லயே ஸ்கேன் பண்ணிடுவா" என்று அண்ணன் பெருமையடிப்பார்.

ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து நாலு விரிப்புகள் திரும்பி வந்தன. "என்ன லென்ஸக்கா, தூசி படிஞ்சிருச்சா?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார். அடுத்த மாதம் ஒன்பது வந்தது. அப்போது அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த எல்லாவற்றிலும் கறை ஓரத்தில்தான் இருந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. அண்ணி அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, தானே போய் மடிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மடிக்கக் கண் வேண்டாம், மூலைக்கு மூலை கை போய்விடும். வீட்டில் முழங்கால் வலி என்று சொன்னார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சமையலறையிலும் அதே மாதிரி ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட். சர்க்கரைக்கு இரண்டு. டீத்தூளுக்கு மூன்று. கத்தியின் முனை எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். வெள்ளைக் கோப்பையை அந்தக் கறுப்புக் கல்லின் மேல் வைத்தால், எவ்வளவு மங்கலிலும் ஒரு வெள்ளை வட்டம் அவருக்குத் தட்டுப்படும். அந்த வட்டத்துக்குள் ஊற்றுவார். பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் கண் கூசாது. அந்த அறையில் அவர் ஒரு கோப்பையைக்கூடத் தவறவிட்டதில்லை. வேண்டுமென்றே கீழே போட்டது உண்டாம், இரண்டு முறை. அண்ணன் திடீரென்று வெளிச்சமான பல்பு வாங்கி வந்து மாட்டிய நாட்களில், கூசுகிறது என்று சொல்லி அதைக் கழற்ற வைப்பதற்காக.

இது எதுவும் தெரியாமல்தான் மூன்று வார விடுமுறையில் நான் வந்து இறங்கினேன்.

"அண்ணி, இந்தத் தடவ உங்க கிச்சன ஒரு வழி பண்ணாம போகமாட்டேன்."

"ஏன், அது உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கிடங்கு மாதிரி இருக்கு."

"கிடங்கோ குடோனோ, எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். வந்த இடத்துல நல்லா தூங்கு, நல்லா சாப்பிடு, கிளம்பு."

அண்ணன் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "விடும்மா. நாத்தனார் குத்தம் சொல்ல வந்த கதைதான் ஊர்ல கேட்டிருக்கோம். இவ பெயிண்ட் அடிச்சுக் குடுக்க வந்திருக்கா."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "சுவத்துக்கு என்ன வேணா பண்ணுங்க. மேடையில மட்டும் கை வைக்காதீங்க" என்றார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போதும் செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொன்னார். எனக்குச் செலவு இழுத்துவிடக் கூடாதென்று தயங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படியானால் மேடையையும் அவருக்குத் தெரியாமல் செய்துவிடுவதுதான் சரி என்றும் முடிவு செய்தேன்.

பெயிண்டர் கையில் ஓர் அட்டையோடு வந்தார். "பால் வெள்ளை இருக்கு, முத்து வெள்ளை இருக்கு, இது முட்டை ஓடு மாதிரி. எதும்மா?"

"இருக்கறதுலயே வெளுப்பு எது?"

"அது கண்ணக் கூசும்."

"கூசட்டும். இத்தன வருஷ இருட்டுக்கு அது வேணும்."

"உங்க காசு, உங்க கண்ணு" என்றார் பெயிண்டர்.

நாலு நாளில் முடிந்தது. சுவர் வெள்ளை, அலமாரிக் கதவு வெள்ளை. மேடைக் கல்லின் மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டியாயிற்று. கூரையில் நீள நீளமாக மூன்று விளக்குகளை அண்ணனே ஒயர் இழுத்து மாட்டினார். அந்த நாலு நாளும் அண்ணியை உள்ளே விடவில்லை, கடைச் சாப்பாடு. பழைய டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டினேன். ஒரே அளவில் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிக் கொட்டி வரிசையாக அடுக்கினேன். பழைய டப்பாக்களின் கழுத்தில் இருந்து ரப்பர் பேண்டுகளைக் கழற்றியபோது ஒரு கைப்பிடி சேர்ந்தது. சில வெடித்துத் தகரத்தோடு ஒட்டியிருந்தன. "உங்க அண்ணிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது" என்றார் அண்ணன். நான் தூக்கிப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணி வேலையில் இருந்து வந்ததும், அண்ணன் ஒரு மந்திரியைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினார். அண்ணி நிலைவாசலில் அப்படியே நின்றார். கையைத் தூக்கிப் புருவத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

உள்ளே வந்து மேடையின் மேல் உள்ளங்கையை வைத்தார். "மேடையுமா?"

"மேடையும்தான், அண்ணி."

கையை எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றார். வழவழப்பு பிடித்துப்போயிற்று போலிருக்கிறது என்று நான் அண்ணனுக்குக் கண் காட்டினேன்.

மறுநாள் காலை டீயில் உப்பு. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னம்மா, கடலுக்கு நேரா குழாய் போட்டுட்டியா?"

"பாட்டிலெல்லாம் ஒரே மாதிரி இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"கண்ணாடிதான அண்ணி, உள்ள இருக்கறது தெரியுமே" என்றேன்.

உப்பும் சர்க்கரையும் யாருக்கும் குழம்பும் என்று நாங்கள் சிரித்துக்கொண்டே புது டீ போட்டோம். மதியம் ஒரு கோப்பை உடைந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று. "கை வழுக்கிருச்சு" என்றார் முதல் முறை. இரண்டாம் முறை தானே துடைப்பத்தை எடுத்து வந்தார். பழி சொல்ல அங்கே இருட்டு இல்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் விளக்குகள் அணைந்திருந்தன. போட்டுவிட்டு வந்தேன். அவர் மறுபடி அணைத்தார். "பில்லு ஏறும்" என்றார். "ஏறட்டும்" என்றேன். அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. கொதித்த டீயோடு அண்ணி மேடைப் பக்கம் திரும்பியபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை மேடை, வெள்ளைச் சுவர், மேலே மூன்று விளக்கு, நடுவே ஒரு வெள்ளைக் கோப்பை. அண்ணியின் இடது கை டைல்ஸின் மேல் மெல்ல மெல்லத் தேடிப் போயிற்று. கோப்பையைத் தொட்டது. பிடித்துக்கொண்டது. வலது கை சாய்த்த டீ, கோப்பைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, அவருடைய மணிக்கட்டின் மேலேயே விழுந்தது.

கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை மேடையில் வைத்தார். வைத்த இடத்தில் மேடை இல்லை. அது விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து உருண்டது.

ஓடிப்போய் அவர் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தேன். தோல் அதற்குள் சிவந்து உப்பத் தொடங்கியிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கப்பு தெரியலையா, அண்ணி?"

அண்ணி இன்னொரு கையால் குழாயை மூடினார்.

"கறுப்புக் கல்லுல தெரிஞ்சுது."

அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. ரப்பர் பேண்ட், கத்தி முனை, ஓரத்துக் கறை என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. அவர் கையில் ஈரத் துணியைச் சுற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். அண்ணன் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நேர் எதிரே இல்லாததால் தெரியவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றார் அண்ணன்.

அண்ணி குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "ரெண்டு வருஷம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நாற்காலி வாங்கிட்டு வருவீங்க."

அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "மாமா சாப்பிட்டாரா?" என்று அண்ணனும் கேட்டிருக்கிறார். அவர் உருண்டு கிடந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைத்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

கண் டாக்டர் அண்ணியை ஒரு பெட்டிக்குள் பார்க்க வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் பின்னால் நின்று பொத்தான் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். நீண்ட நீண்ட இடைவெளி விட்டுத்தான் கேட்டது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். போனது போனதுதான். மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து கொஞ்ச காலம் பிடித்து வைக்கும். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார்.

"வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்குப் பார்வை போயிருச்சு. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம்."

"இதேதான் இருந்திருக்கும். ஆரம்பத்துல மருந்து போட்டிருந்தா நின்னிருக்கலாம்."

"அவருக்குமா?" என்று கேட்டார் அண்ணி.

"அவருக்கும்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் எதையாவது சொல்ல வேண்டுமென்று தவித்துக்கொண்டு, டைல்ஸை உடைத்து எடுத்துவிடலாம், பெயிண்டரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். இறங்கும் இடம் வருகிறவரைக்கும் கேட்டுவிட்டு, "மேடையில கை வைக்காதன்னு சொன்னேன் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அண்ணன் வேலை செய்யும் இடத்தில் இருந்து ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். லிஃப்டில் சாமான் ஏற்றும்போது தரையில் போடுவது. அளந்து வெட்டி மேடையின் மேல் விரித்து, ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்தார். அண்ணி குனிந்து பார்த்தார். நேராகக் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் ரப்பர் பேண்ட் வாங்கி வந்தேன். கூடத்தில் உட்கார்ந்தபடி அண்ணி சொல்லச் சொல்லப் போட்டேன்: உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று. கண்ணாடி ஜாடிகளின் கழுத்து அகலம். ரப்பர் விறைப்பாக நின்றது; ஒன்றிரண்டு அறுந்து விரலில் அடித்தது.

இரண்டு நாளில் நான் விமானம் ஏறினேன்.

அண்ணி சலவைக் கூடத்தில் கணக்கு முடித்துக்கொண்டுவிட்டார். அண்ணன்தான் வற்புறுத்தினார். பிறகு ஒவ்வொரு வாரமும் போனில் ஏதாவது ஒன்றை அண்ணன் சொல்வார். "பால் நான் காய்ச்சிடறேன்." "வெங்காயம் நான் நறுக்கிடறேன், அவ எதுக்குக் கத்தியோட மல்லுக்கட்டணும்?" அவருக்கு நறுக்கத் தெரியாது. அரைவட்டம் கால்வட்டமாக ஏதோ செய்வார். பின்னால் அண்ணியின் குரல் கேட்கும்: "வெங்காயம் நறுக்கச் சொன்னா கிரானைட் வெட்டறார்." சிரிப்போம். அடுத்த வாரம் அடுப்பும் அண்ணன் கைக்குப் போயிற்று.

போன மாதம் வீடியோவில் பேசியபோது சமையலறை முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. வாணலியில் என்ன வேகிறது என்றுகூடப் பார்க்க முடிந்தது. அண்ணன் கிண்டிக்கொண்டிருந்தார். பின்னால், ஜன்னலை ஒட்டி, கூடத்தில் இருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன.

"சும்மா. நிக்க முடியலங்கறா, அதான் போட்டேன்" என்றார் அண்ணன்.

"அண்ணி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வார்த்தை என் காதில் விழுந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அண்ணி.

இரண்டு நாள் முன்பு, வழக்கமில்லாத நேரத்தில் அண்ணியிடம் இருந்து போன். அங்கே பதினோரு மணி, அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரம். எடுத்தால் திரை ஒரேயடியாகக் கறுப்பு. எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணி? என்ன ஆச்சு? திரையில ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும் ஆகல. முட்ட பொரிக்கிறேன்."

"லைட்டப் போடுங்க அண்ணி."

"அதப் போட்டா உனக்குத் தெரியும். எனக்குக் கூசும்."

ஒரு ஜாடி மேடையில் நகர்ந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ரப்பர் பேண்டை விரலால் தடவுகிறார் என்று ஊகித்தேன். பிறகு மூடி திறந்தது. கரண்டி தட்டியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்த சத்தம் வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவர் வர்றதுக்குள்ள சட்டியக் கழுவி வச்சிடணும்" என்றார் அண்ணி. "அவர்கிட்ட சொல்லாத."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பு அணையும் சத்தம் கேட்கும்வரை போனைக் காதோடு வைத்திருந்தேன். இன்று அண்ணன் பேசினார். வெங்காயம் இப்போது நன்றாக நறுக்க வருகிறதாம், எண்ணெய்தான் எப்படியோ சீக்கிரம் தீர்ந்துபோகிறதாம்.

"அளந்து ஊத்துங்க" என்றேன்.